பால் படாத பட்டர்

மன்னார்த் தீவில் எங்கள் பேசாலைச் சந்திக் கடையில் மாஜரினை வெட்டித்தான் விற்பார்கள். அட்டைப் பெட்டிக்குள் பொலித்தீன் சுற்றிய பெரிய கட்டி ஒன்று இருக்கும். அதில் கத்தியை விட்டு, கேட்ட அளவுக்கு வெட்டி, தாளில் சுற்றித் தருவார் கடைக்காரர். தவக்காலம் தொடங்கிய கிழமை, நான் அவரிடம் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"பெட்டி என்னத்துக்குப் பிள்ளை? பெட்டியையும் தின்னப் போறியா?"

"இதுக்குள்ள என்னென்ன போட்டுச் செய்திருக்கினம் எண்டு பாக்கோணும்."

"மாஜரின் போட்டுத்தான் மாஜரின் செய்யிறவங்கள்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. மேசைக்கு மேலால் எட்டிப் பெட்டியைத் திருப்பினேன். முன்பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூ, ஒரு தேங்காய்ப் பாதி, தாவர எண்ணெயில் தயாரித்தது என்று மூன்று மொழியிலும் பெரிய எழுத்து. பக்கவாட்டில் ஆங்கிலத்தில் மட்டும், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி. தொலைபேசிக் கமராவைப் பிடித்துப் பெருப்பித்தேன். தாவர எண்ணெய், தண்ணீர், உப்பு, பால் திண்மம். பால் நாலாவதாக நின்றது. முன்பக்கம் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சின்னதாகச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். பிறகு நானும் அதையேதான் செய்தேன்.

அக்காவின் மகளுக்கு அப்போது எட்டு வயது. பால் அவளுக்கு நஞ்சு. வயிறு பொருமும், தோல் கடித்து அரிக்கும் என்கிற அளவில் இல்லை. ஒரு வயதில் முதன்முதலாகப் பால்மா கரைத்துக் கொடுத்தபோது முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப்போயின. நாலு வயதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு கரண்டி யோகட் தின்றுவிட்டு, மூச்சு இழுக்க முடியாமல் அத்தானின் தோளில் நீலம் பாரித்துக் கிடந்தாள். ஊசி போட்டுக் காப்பாற்றிய டொக்டர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்: பால், பால்மா, பட்டர், சீஸ், யோகட், இவை கலந்த எதுவும் கூடாது. அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம் என்று வாயாலும் சொன்னார். அந்தத் துண்டை அக்கா அலுமாரியில் தன் கலியாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது," என்றாள். "பெட்டைப் பிள்ளை. வருத்தக்காறி எண்டு இப்பவே பேர் எடுத்துக் குடுக்கப் போறியா? நாளைக்கு ஒருத்தன் பொம்பிளை கேட்டு வந்தால், சனம் முதல் சொல்லுறது இதைத்தான்."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிளை தேடுறியாக்கா?"

"நீ பயோ படிச்சனி. சனத்தை நான் படிச்சனான்."

அத்தான் வலைக்குள் இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம், அக்கா சொன்னதுதான் சட்டம்.

பிள்ளையும் பழகிவிட்டாள். யார் வீட்டில் எதை நீட்டினாலும், "வயிறு நிறைஞ்சிருக்கு அன்ரி, இப்பதான் சாப்பிட்டனான்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். அவளுடைய பிறந்தநாள் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். வந்தவர்களுக்காக வாங்கிய கேக்கை அவள் வெட்டுவாள். ஒரு துண்டை வாய்க்குக் கிட்டே பிடிப்பாள். உதட்டுக்கும் கேக்குக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. அவள் மணிக்கட்டில் அக்காவின் கை. படம் எடுத்து முடிந்ததும் அக்கா துண்டைப் பறித்துவிட்டு, அவள் விரல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள்.

அந்த வருடம் அவள் கோயிலில் முதல் நன்மை வாங்க இருந்தாள், பூசையில் முதன்முதலாகத் தருகிற நற்கருணை அப்பம். எங்கள் ஊரில் கலியாணத்துக்கு அடுத்தபடியான பெரிய நாள் அதுதான். வெள்ளைச் சட்டை, தலையில் பூ முடி, பூசை முடிந்ததும் வீட்டுக்கு வீடு கேக். ஒருநாள் ஞானோபதேச வகுப்பால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே என்னிடம் வந்தாள்.

"சின்னம்மா, என்ர நன்மைக் கேக்கை நான் தின்னலாமா?"

நான் ஏ.எல். எழுதிவிட்டு, கம்பஸ் கிடைக்குமா என்று காத்திருந்த காலம் அது. தலை நிறைய விலங்கியல், கை நிறைய நேரம். அம்மா அப்பா இல்லாதபடியால் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மீனுக்கு உப்புப் போட்டுக் காய வைப்பது, வலைக்கு ஊசி கோத்துக் கொடுப்பது, இதற்கு மேல் அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு கேள்வி வந்தால் நாய் எலும்பைப் பிடித்ததுபோலப் பிடித்துவிடுவேன்.

"தின்னலாம்," என்றேன். "பாலே படாத கேக் செய்து தாறன்."

அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். மறிக்காமல் திரும்பவும் அடுப்புக்குப் போனாள். அவளும் அந்தப் படங்களைப் பார்ப்பவள்தானே.

தொலைபேசியில் தேடியபோதுதான் 'வீகன்' என்ற சொல் எனக்கு வந்தது. பனி கொட்டும் நாடுகளில் வெள்ளை வெளேரென்ற அடுப்படிகளில் நின்று, மிருகங்களை வருத்தக்கூடாது என்பதற்காகப் பாலையும் பட்டரையும் விட்ட பெண்கள் கேக் செய்தார்கள். அவர்களுடைய இரக்கத்தை நான் ஒரு தொண்டைக்காக எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் கடையில் வாங்கிய வீகன் பட்டர் டப்பாவைத் திறந்து கரண்டி போட்டார்கள். அந்த டப்பா மன்னாருக்கு வருவதில்லை. கொழும்பில் வாங்கி பஸ்ஸில் ஏற்றினாலும் மதவாச்சி தாண்டமுதல் எண்ணெயாகிவிடும்.

மன்னார் நகரில் இருக்கிற உப்புக்குளத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய பலசரக்குக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கடைக்கார நானா, நான் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து முதுகைத் திருப்பி வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, சாமான் வாங்க வந்தீங்களா, சோதினை எடுக்க வந்தீங்களா?"

"பால் இல்லாத மாஜரின் வேணும் நானா."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் வாசிக்கத் தொடங்கினார். ஒன்றில் பால் திண்மம். இன்னொன்றில் மோர்ப் பொடி. மூன்றாவதில் பால் என்ற சொல்லே இல்லை என்று அவர் சந்தோசமாக நீட்ட, நான் கீழே இருந்த கடைசி வரியைக் காட்டினேன்: பால் பொருட்கள் கையாளும் ஆலையில் செய்யப்பட்டது.

"இவ்வளவு பாக்கிறீங்களே, வீட்டில ஆருக்கும் வருத்தமா?"

அக்காவின் முகம் என் கண்ணுக்கு முன் வந்தது. "வருத்தம் ஒண்டும் இல்லை நானா. தவக்காலம். பாலும் பட்டரும் விட்டிருக்கிறம். நேர்த்திக்கடன்."

வாயில் இருந்து அது எவ்வளவு லேசாக வந்தது! எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் இறைச்சியை விடுவார்கள், சாராயத்தை விடுவார்கள், படம் பார்ப்பதை விடுவார்கள். பட்டரை விட்ட ஒருவரை நான் கண்டதில்லை. ஆனால் நானாவின் முகம் மாறியது. "நோன்பா? அப்ப சரியாத்தான் பாக்கோணும்," என்று சொல்லி, உள்ளே போய் இன்னும் இரண்டு வகை எடுத்து வந்தார். அவற்றிலும் பால்தான். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. ஒரு நல்ல பொய் கிடைத்துவிட்டது என்ற நினைப்போடு பஸ் ஏறினேன். யாரும் துருவிக் கேட்காத, எல்லாரும் மதிக்கிற பொய்.

கடை மாஜரினைக் கைவிட்டு நானே செய்வது என்று முடிவெடுத்தேன். முதல் முயற்சியில் பட்டரின் அளவுக்கே தேங்காயெண்ணெயை ஊற்றினேன். பெரிய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, சூடேற்றி, அதற்குள் தட்டை வைத்து மூடித்தான் எங்கள் வீட்டில் கேக் சுடுவது. மூடியைத் திறந்தபோது கேக்கின் விளிம்பெல்லாம் எண்ணெய் மிதந்தது. பட்டர் முழுக்கக் கொழுப்பு இல்லை, ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணீர்தான் என்று பிறகு படித்தேன். எண்ணெயைக் குறைத்து, குறைத்த அளவுக்குத் தேங்காயின் முதற்பாலை விட்டேன். கேக் எழும்பியது. சிரித்துக்கொண்டு ஒரு துண்டை நீட்டினேன்.

பிள்ளை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சின்னம்மா, தலைக்கு வைக்கிற எண்ணெய் மணக்குது."

"எத்தினை மார்க்ஸ்?"

"நாலு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாலரை," என்றாள்.

அன்றிலிருந்து அவள்தான் பரீட்சகர். நான் வாயில் வைப்பதற்கு முன் அவள்தான் வைப்பாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சட்டம்போல ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, முதலாவதாகத் தின்கிற உரிமை. அதை நான்தான் கொடுத்தேன்.

மணத்துக்கு வழி இருந்தது. மணம் நீக்கிய வெள்ளைத் தேங்காயெண்ணெய் மன்னாரில் கிடைத்தது. ஆனால் கேக்குக்கு மேல் பூசுகிற ஐசிங்குக்கும், பாணில் பூசுவதற்கும் எண்ணெய் கட்டியாக இருக்க வேண்டும். சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது கட்டிக் கொழுப்புத்தான். எங்கள் ஊர் வெக்கைக்குத் தேங்காயெண்ணெய் விடியற்காலையில்கூடத் தண்ணீர்தான். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு அன்ரியிடம் இருந்தது.

அன்ரிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழைகிற ஓட்டையாக ஒரு பொட்டு, அந்தப் பொட்டுக்குள்ளால் எப்போதும் ஏதாவது கைமாறிக்கொண்டிருக்கும். ஒரு கோப்பை சீனி, ஒரு கீற்றுத் தேங்காய், நாலு வெங்காயம். கைமாத்து என்று சொல்வோம். எடுத்ததை அதே அளவில் திருப்பிக் கொடுப்பது அன்ரிக்கு அவமானம். கோப்பை மட்டத்துக்குச் சீனி வாங்கினால் கூம்பாகக் கொடுப்பா. மணிச் சம்பா வாங்கினால் அதைவிட நல்ல அரிசி தேடிக் கொடுப்பா. ஊரில் எல்லாரும் அப்படித்தான், ஆனால் அன்ரி அதில் ஒரு படி மேல்.

"பட்டரையா ஒறுத்தல் செய்யிறாய்?" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தா. "எடி, பட்டரை நீ எப்ப கண்டனி, விடுறதுக்கு? நான் மீனை விட்டன் எண்டால் அது ஒறுத்தல். அடுத்த நாள் என்னைப் பெட்டியிலதான் தூக்கோணும்."

"நேர்த்தி அன்ரி. பிள்ளையும் நானும் சேந்துதான்."

"அந்தக் குஞ்சுமா?" சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தா, இந்த டப்பாவில போட்டு வை." தன்னுடைய பழைய மஞ்சள் மாஜரின் டப்பா ஒன்றைக் கழுவித் தந்தா. அடுத்த கிழமை போனபோது அன்ரி தேநீரைச் சீனி இல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தா. "எட்டு வயசுப் பிள்ளை செய்யுதாம், எனக்கென்ன கேடு?" என்றா. உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் டப்பாவை மட்டும் நீட்டினேன்.

தனித் தேங்காயெண்ணெய் பிரிட்ஜுக்குள் கல்லாகிவிடும், பாணைக் கிழித்துவிடும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சூரியகாந்தி எண்ணெய் கலந்தால் கத்தியால் பூச வரும். அதோடு கொஞ்சம் முதற்பால், உப்பு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள், புளிப்புக்கு நாலு துளி தேசிப்புளி. ஆறவைத்து அடித்து, திரும்பக் குளிரவைத்து, திரும்ப அடிக்க வேண்டும். ஐந்தரை, ஆறு, ஏழு என்று மார்க்ஸ் ஏறியது. பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை, பாணில் பூசிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை வேலிப் பக்கம் போய், தெருவால் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி நின்று தின்றாள். வேண்டுமென்றே மெதுவாக. அக்கா ஜன்னலால் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எட்டு," என்று கத்தினாள் பிள்ளை.

"மிச்சம் ரெண்டும் எங்க?"

"அது நன்மைக் கேக்குக்கு."

உயிர்ப்பு ஞாயிறு வந்து போனது. அன்ரி தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தா. தவக்காலம் முடிந்துவிட்டது. என் பொய்யும் அன்றோடு முடிந்துவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. பலசரக்குக் கடையில் டப்பாக்களின் கடைசி வரி வரைக்கும் வாசித்தவள் நான். அன்ரியின் பிரிட்ஜுக்குள் இருந்த என் டப்பாவில் ஒரு சொல்லும் எழுதி ஒட்டவில்லை. அதில் இருந்தது பழைய மாஜரின் படம் மட்டும்தான்.

உயிர்ப்புக்கு இரண்டு கிழமை கழித்து ஞாயிற்றுக்கிழமை நன்மை. அதற்கு முந்தின புதன்கிழமை ஐசிங்குக்கான பட்டரைச் செய்து டப்பாவில் நிரப்பி அன்ரியிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கேக்கைச் சுட்டேன். அதற்கு எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் நேராகவே அளந்து ஊற்றினேன். சட்டி மணலில் இருந்து எடுத்தபோது நடுவில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நான் டப்பாவை வாங்கி வந்து ஐசிங் சீனியோடு அடிக்கத் தொடங்கினேன். பட்டர் வழக்கத்தைவிட நல்ல மஞ்சளாக இருந்தது. கரண்டிக்குக் கீழே பட்டுப்போலக் குழைந்தது. மஞ்சள் ஊறி நிறம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். என் கைத்திறமை என்றும் நினைத்தேன்.

பிள்ளை ஓடி வந்தாள். "சின்னம்மா, எனக்கு இப்ப ஒரு பாவமும் இல்லை!"

"பாதர் என்ன அபராதம் தந்தவர்?"

"மூண்டு அருள் நிறைந்த மரியே. வழியிலேயே சொல்லி முடிச்சிட்டன்."

கரண்டியை நீட்டினேன். ஒரு பக்கத்தை நக்கினாள். நின்றாள். திருப்பி மற்றப் பக்கத்தையும் நக்கினாள். கண்களை அகல விரித்தாள்.

"சின்னம்மா. பத்து."

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவும் எனக்கு அப்படிச் சந்தோசம் தந்ததில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும்.

அவள் உதட்டைச் சொறிந்தாள். பிறகு நாக்கைப் பல்லால் உரசினாள். "கடிக்குது," என்றாள். கீழ் உதடு என் கண்முன்னாலேயே தடித்தது. காதோரம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நான் அப்போதுதான் கரண்டியை என் நாக்கில் வைத்தேன். தேங்காயின் சுவடே இல்லை.

"அக்கா!" என்று கத்தினேன். அத்தான் முற்றத்தில் வலையைப் போட்டுவிட்டு ஓட்டோவைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினார். நான் டப்பாவோடு வேலிப் பொட்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. தெரிந்துதான் என்ன செய்யப்போகிறேன்?

"அன்ரி! இதுக்குள்ள என்ன?"

அன்ரி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. என் அவதி அவவுக்கு வேறு மாதிரி விளங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டியா? சொல்லக்கூடாது எண்டு நினைச்சனான். நேற்று வெள்ளெனவே மருமகன் கொழும்பால வந்திட்டார். பாணுக்குப் பூச ஒண்டும் இல்லை, உன்ர டப்பாவில கொஞ்சம் எடுத்தனான். பாவம் பிள்ளை, தேங்காயெண்ணெயாக் கிடக்கு! அதான் நோன்பு முடிஞ்சுதே, குஞ்சின்ர நன்மைக்கு ஏன் உது எண்டு, எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சிட்டு, மன்னாருக்கு ஆள் விட்டு நல்ல பட்டர் எடுப்பிச்சு, வாய் முட்ட நிரப்பி..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்தினா. எங்கள் வீட்டுக்குள் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. காற்றை உள்ளே இழுக்க ஏலாமல் வருகிற சத்தம். அதைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"என்னடி? என்னடி நடந்தது?"

"பிள்ளைக்குப் பால் ஆகாது அன்ரி. பால் பட்டால் செத்திருவாள்."

இரண்டு மாதமாக என் வாய்க்குள் இருந்த ஒரே ஒரு வரி. அன்றைக்கு அதைச் சொல்ல இரண்டு மூச்சுத்தான் எடுத்தது.

ஓட்டோவில் அக்காவின் மடியில் அவள் கிடந்தாள். முகம் அவளுடையதாக இல்லை. கிட்ட இருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குழாய் வைத்து, அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாசலில் வைத்து டொக்டர் கேட்டார், "ஆர் குடுத்தது?" அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"என்ர தங்கச்சி," என்றாள். அந்த இரண்டு சொல்லையும் அவள் அதற்கு முன் எத்தனையோ தடவை, எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது நான் வீட்டில் தனியே இருந்தேன். சுவரில் வெள்ளைச் சட்டை தொங்கியது. கூடையால் மூடியிருந்த கேக்கில் எறும்பு ஏறியிருந்தது. ஐசிங் பூசாத கேக். அதில் ஒரு துளி பாலும் இல்லை. அவள் அதை முழுக்கத் தின்றிருக்கலாம். அத்தான் ஆஸ்பத்திரியால் வந்து, அதைத் தட்டோடு எடுத்துப்போய்க் கடற்கரையில் நாய்களுக்குப் போட்டார்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள். குரல் மட்டும் கிழவியின் குரல்போலக் கரகரத்தது. வார்டில் படுத்திருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள் வாயால் கதை எங்களுக்கு முன்னமே பேசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா நாலு வருடம் சேலைக்கு அடியில் பூட்டிவைத்தது, சந்திக் கடையில் மாஜரின் வெட்டுகிறவர் வரைக்கும் தெரிந்துபோனது.

வீட்டுக்கு வந்த அன்று அன்ரி முன்வாசலால் வந்தா. அவ முன்வாசலால் வந்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னா, "அந்தப் பிரிட்ஜையே தூக்கிக்கொண்டந்து உங்கட வீட்டில வைச்சிருப்பனே. என்னையும் ஊர்ச் சனம் எண்டே நினைச்சனீங்கள்?"

அன்ரி என் பக்கம் திரும்பினா. "நீ நேர்த்தி எண்டு சொன்னனி. நான் நாப்பது நாள் சீனி விட்டனான்."

முன்வாசலாலேயே திரும்பிப் போனா. அடுத்த கிழமை வேலிப் பொட்டுக்குப் புதுக் கிடுகு வைத்துக் கட்டியிருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் இருந்து ஒரு வெங்காயமும் வரவில்லை, கேட்கவும் இல்லை. பகை இல்லை. தன் கையால் எதையும் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க அவவுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று பிறகுதான் விளங்கியது.

பிள்ளை நான் செய்த எதையும் தொடவில்லை. புது டப்பாவில், மேலேயும் பக்கத்திலேயும் பெரிதாக எழுதி ஒட்டி, பாலே படாத பட்டர் திரும்பச் செய்தேன். எழுத்தைக் கவனமாக வாசித்தாள். பிறகு பாணை வெறுமனே தின்றாள். சோறு என்றால் அக்கா முதலில் ஒரு வாய் தின்று, கொஞ்ச நேரம் அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தின்பாள். அக்காவுக்குப் பாலால் ஒன்றும் வராது என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலைப் பூசையில் பாதர் அவளுக்குத் தனியாக முதல் நன்மை கொடுப்பதாகச் சொன்னார். கோயிலில் பத்துப் பதினைந்து பேர். மெலிந்துபோனதால் வெள்ளைச் சட்டை தோளில் வழிந்தது. அன்ரி கடைசி வாங்குப் பலகையில் இருந்தா. நன்மை வாங்க எல்லாரும் எழும்பியபோது அவ எழும்பவில்லை, முழந்தாளில் இருந்தபடியே கிடந்தா. எந்த நாளும் வரிசையில் முதலாவதாக நிற்கிறவ.

பாதர் அப்பத்தை உயர்த்தினார். "கிறிஸ்துவின் திருவுடல்."

பிள்ளை ஆமென் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பி, வாங்குகளுக்கு இடையில் என்னைத் தேடினாள். கண்டதும் அந்தக் கரகரத்த குரலில், கோயில் முழுக்கக் கேட்கக் கேட்டாள்:

"சின்னம்மா, இதை வாசிச்சனீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்தாள். தலையாட்டு என்று அர்த்தமா, பேசாதே என்று அர்த்தமா, தெரியவில்லை. ஒரு தலையாட்டு போதும், எல்லாம் முடிந்துவிடும். அதுவும் பெரிய பொய் இல்லை. அப்பம் எதனால் செய்வது என்று எல்லாருக்கும் தெரியும். நான் கையை விடுவித்துக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

"பாதர், பிள்ளைக்குப் பால் ஆகாது," என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "இதுக்குள்ள என்ன போடுறவை?"

பாதர் கோபிக்கவில்லை. "மாவும் தண்ணியும் மகள். வேற ஒண்டும் இல்லை."

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "மெய்யா?"

"நான் வாசிக்கேல்ல," என்றேன். "செய்யேக்க நான் பக்கத்தில நிக்கவும் இல்லை. பாதர் சொல்லுறார்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பாதரின் கை காற்றில் அப்படியே நின்றது. பிறகு, ஆமென் சொல்லாமலே, உதட்டைக் கொஞ்சமாகத் திறந்தாள். அப்பத்தின் விளிம்பு போகிற அளவுக்கு மட்டும்.

பீடத்தில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பூசை முடிகிறவரைக்கும் நான் அவளுடைய கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாங்கில் இருந்து அன்ரியும் பார்த்துக்கொண்டிருந்தா என்று அக்கா சொன்னாள்.